பெம்பானில் தொங்கும் என் கியூ

புதன்கிழமை, காலை ஒன்பது மணி. எட்டரைக்குக் கிளம்ப வேண்டிய மலாக்கா பேருந்து ஒருவழியாக ஈப்போ அமான்ஜெயா முனையத்தை விட்டு நகர்ந்தது. கட்டணம் நாற்பத்தெட்டு ரிங்கிட். தூரம் ஏறக்குறைய முந்நூற்றைம்பது கிலோமீட்டர். என் மடியில் நீளமான கறுப்புப் பை ஒன்று கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை. போகும்போது காலியாகப் போய், வரும்போது நிறைந்து வரவேண்டிய பை அது. எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தப் பயணத்தில் நடந்ததெல்லாம் அதனால் நடந்ததுதான்.

நான் பூல் விளையாடுகிறவள். பச்சைத் துணி விரித்த மேசையில் நீண்ட கோலால் பந்தை அடித்துக் குழியில் தள்ளும் ஆட்டம். அந்தக் கோலுக்குக் கியூ என்று பெயர். பகலில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்திருப்பேன், சாயங்காலம் பூல் மேசையின் முன் குனிந்திருப்பேன். வயது நாற்பத்தேழு. இந்த வயதில் இதென்ன ஆட்டம் என்று கேட்ட சொந்தக்காரர்கள், கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் சிவப்பு விளக்குக்காக நின்றிருந்த என் மோட்டார்சைக்கிளை ஒரு வேன் பின்னாலிருந்து இடித்தது. வலது தோள் எலும்பு கூடிவிட்டது. ஆனால் கை முன்போலப் பின்னுக்குப் போவதில்லை. கியூவை நான்கு அங்குலம் முன்தள்ளித்தான் பிடிக்க முடிகிறது. அப்படிப் பிடித்தால் பின்பக்கம் கனத்து, முனை மேலே தூக்கிக்கொள்கிறது. அதன்பின் மாநிலப் பெண்கள் அணித் தேர்வில் இரண்டு முறை தோற்றேன். இரண்டாம் முறை தோற்ற அன்று சங்கச் செயலாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அடுத்த வருடத்திலிருந்து புள்ளி எழுத வரலாமே என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இந்த வருடத் தேர்வு வரும் சனிக்கிழமை. மூன்று பேரை எடுப்பார்கள். இன்னொரு முறை தோற்றால் என் கையில் பென்சிலைக் கொடுத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். கோலாலம்பூரில் நான்கு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் சிறுபிள்ளைகளுக்கான கியூவை எடுத்து நீட்டினார்கள். நான்காவது கடையில் இருந்த சீனர்தான், கைக்கு அளவெடுத்துச் செய்கிற சேவியர் என்று ஒருவர் மலாக்காவில் பெம்பானில் இருக்கிறார், ஆனால் அவருக்குப் பிடித்தால்தான் செய்வார் என்று சொல்லி எண் கொடுத்தார்.

சிரம்பான் ஓய்விடத்தில் பேருந்து இருபது நிமிடம் நின்றது. தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு ஒரு பொட்டலமும் பாலில்லாத தே ஓ ஐஸும் ஆறு ரிங்கிட் ஐம்பது காசு. ஈப்போவில் இதைவிட நல்ல சம்பல் கிடைக்கும் என்று சொன்னால் மலாக்காக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், சிரம்பானைப் பற்றித்தானே சொல்கிறேன் என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆயர் குரோவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, மலாக்கா சென்ட்ரலில் கால் வைத்தபோது மணி இரண்டேகால்.

2.30. வாடகைக் காருக்குப் பெம்பான் வரை இருபத்தாறு ரிங்கிட். ஓட்டுநர் முப்பது வயது மதிக்கத்தக்க தமிழர். பையைப் பார்த்துவிட்டு மீன் பிடிக்கவா என்று கேட்டார். சேவியர் வீட்டுக்கு என்றதும் அவர் முகம் மாறியது.

"கட்டை சேவியரா? பாவக்கா பந்தல் வீடுலா அது, தெரியும். சுங்கை ஊடாங்ல ஷட்டவுன் வேலைக்குப் போனப்ப அவருகிட்டதான் நான் இருந்தேன். ஒரு போல்ட்ட டைட் பண்றதுக்கு முன்னாடி மூணு வாட்டி யோசிப்பாரு, அக்கா."

சேவியர் அங்கே எண்ணெய் ஆலையில் ஷிஃப்ட் முறையில் வால்வு பழுது பார்ப்பவர். ஓய்வு நாட்களில் கியூ செய்கிறார், வருடத்துக்கு எட்டோ ஒன்பதோ. ஓட்டுநர் இரு பக்கமும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரங்கள் நிற்கும் சாலையில் வேகமாகப் போனார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஜன்னலை இறக்கினால் ஈரமண் வாசனையோடு எங்கோ செம்பனை ஆலையிலிருந்து வரும் புளித்த வாடையும் வந்தது. ஐந்து மாதத்துக்கு முன் முதல் முறை வந்தபோதும் இதே வாடைதான்.

அந்த முதல் பயணத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அன்று நான் போய் நின்றதும் என்ன மரம் வேண்டும், என்ன நிறம் வேண்டும் என்றெல்லாம் சேவியர் கேட்கவில்லை. தோட்டத்தில் பிறந்தவர்கள் நிறையப் பேர் ரப்பர் மரக் கட்டையோடு வந்து, தாத்தா பாலுக்காகச் சீவிய மரம், இதில் செய்து கொடுங்கள் என்பார்களாம். நாற்காலிக்கு நல்ல மரம், நாற்காலி செய்துகொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவாராம். என்னிடம் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். எதுவரை போகிறது, எங்கே வலிக்கிறது என்று கேட்டார். பிறகு உத்தரத்திலிருந்து ஒரு பழைய கியூவை இறக்கினார். மூடிப்போன பூல் கடைகளிலிருந்து மொத்தமாக வாங்கிய ஒற்றைத்துண்டு ராமின் மரக் கட்டைகளில் ஒன்று. அதன் பின்பக்கத்தில் என் கைக்காக இரண்டு அங்குலம் அறுத்தார். அடியில் துளையிட்டு ஒரு போல்ட்டைத் திருகினார். பிடிக்கும் இடத்தில் கறுப்பு டேப் சுற்றினார். விளையாடிப் பார்க்கச் சொல்லி, போல்ட்டை மாற்றி, மறுபடி விளையாடச் சொல்லி, டேப்புக்குக் கீழே ஈயத்தகடு வைத்து, இப்படியே மூன்று மணி நேரம். கடைசியில் ஒரு நொடியில் கட்டை என் கையில் கனமே இல்லாமல் கிடந்தது. அதுதான் அளவு: ஐம்பத்தாறு அங்குலம், பதினெட்டரை அவுன்ஸ். அந்தக் கட்டையின் மேல் என் பெயரை எழுதித் தொங்கவிட்டார். இதைப் பார்த்துத்தான் நிஜக் கியூவைச் செய்வாராம்.

கியூவைக் கொடுத்த பிறகு அந்த அளவுக்கட்டை அவர் மனைவி ரீட்டாவின் பாகற்காய்ப் பந்தலுக்குக் காலாகப் போய்விடும். வீட்டு முன்னால் இருக்கிற பந்தல் முழுக்கக் கறுப்பு டேப் சுற்றிய கால்கள்தான். சிலவற்றில் இன்னும் பெயர் தெரிகிறது.

நிஜக் கியூ இரண்டு துண்டு. பின்பாதி ஈட்டி மரம், முன்பாதி மேப்பிள். முன்பாதியை ஷாஃப்ட் என்கிறார்கள். ஆட்டமே அதில்தான் இருக்கிறது. தடித்த மேப்பிள் உருளையை லேத்தில் எட்டு முறை சீவித்தான் ஷாஃப்ட் ஆக்குவார். ஒவ்வொரு சீவலுக்கும் பின் மூன்று வாரம் தொங்கவிடுவார். சீவினால் மரம் உள்ளுக்குள் அசையும், அசைந்து முடிக்க அதற்கு நேரம் கொடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. எட்டு சீவல், இருபத்துநான்கு வாரம். என் தேர்வோ இருபத்தொன்றாவது வாரத்தில் வந்தது.

நான் சும்மா இருப்பேனா? பதினைந்தாம் வாரத்திலிருந்து போன் பண்ண ஆரம்பித்தேன். முதலில் வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், கடைசியில் தினமும். ஆலையில் ஷிஃப்ட் முடிந்து அவர் வெளியே வருகிற நேரம்கூட எனக்கு மனப்பாடம். கடைசி இரண்டு சீவலையும் சேர்த்து முடித்துவிடுங்கள் தம்பி என்று கெஞ்சினேன், அதட்டினேன். அவர் சரி என்று சொல்லும்வரை விடவில்லை.

3.10. பந்தல் வீடு. ரீட்டா பாலர்பள்ளி ஆசிரியை. அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு என்னை நேராகப் பார்க்காமல் உள்ளே போனார். சேவியருக்கு நாற்பது வயது இருக்கும். பட்டறைக்குள் கூப்பிட்டார். உத்தரத்திலிருந்து இருபது, முப்பது ஷாஃப்ட்டுகள் நூலில் தொங்கின. அந்த அறையில் எந்தக் கட்டையும் சுவரில் சாய்ந்திருக்காது, சாய்த்தால் வளைந்துவிடும். என் கியூ முழுதாகப் பூட்டப்பட்டு ஒரு தடித்த கண்ணாடிப் பலகை மேல் படுத்திருந்தது. ஈட்டி மரத்தின் கருஞ்சிவப்பும் மேப்பிளின் வெளிர்நிறமும் சேரும் இடத்தில் மெல்லிய வெள்ளை வளையம். என் வாழ்நாளில் இவ்வளவு அழகான பொருள் எனக்கென்று யாரும் செய்து தந்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

அவர் அதைக் கண்ணாடியின் மேல் உருட்டினார். கண்ணாடிக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை வெளிச்சக் கோடு தோன்றி மறைந்தது. ஒரு காகிதம் நுழையும் அளவுதான். ஆனால் தோன்றியது.

"வளைஞ்சிருச்சி அக்கா. கடைசி சீவல் முடிச்சி நாலாம் நாளு. எறக்கிப் பாத்தேன், அசைஞ்சிருக்கு."

யார் தப்பு என்று அவர் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன். சரி என்று சொன்னது தன் வாய்தானே என்றார். அந்தப் பதிலைவிட அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நான் எதை வைத்து வாழ்க்கையில் இத்தனை தூரம் வந்தேனோ, அந்தப் பிடிவாதமே என் கியூவை வளைத்துவிட்டது. கூனிக்குறுகி நின்றேன்.

ஆனால் கூனி நிற்பதும் எனக்கு ரொம்ப நேரம் வராது. இரண்டு நிமிடம் கழித்து வளைவை மேல்பக்கம் வைத்துப் பிடித்து ஆடுகிறேன், கொடுங்கள் என்றேன். அவர் மாட்டேன் என்றார். அவர் செய்கிற ஒவ்வொரு கியூவுக்கும் அடிப்பக்கம் ஒரு சின்னப் பித்தளைப் பொட்டு பதிப்பார். அது முடிந்தது என்பதற்கான அடையாளம். என் கியூவில் அந்த இடம் வெறும் துளையாக இருந்தது. பொட்டு வைக்காததை வெளியே அனுப்புவதில்லை என்றார். சனிக்கிழமை எனக்குத் தேர்வு, வெறுங்கையோடு போகமாட்டேன் என்றேன். இரண்டு பேரும் குரல் உயர்த்தவில்லை, இரண்டு பேரும் ஓர் அங்குலம் நகரவும் இல்லை. கடைசியில் ரீட்டாதான் வாசலில் வந்து நின்று, பேசிக்கொண்டே இருந்தால் எப்படி, மேசையில் வைத்து அடித்துப் பாருங்கள் என்றார்.

4.30. மேசை இருப்பது செலண்டாரில், ரீட்டாவின் அண்ணன் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில். சேவியரின் பழைய புரோட்டோன் காரில் மூவரும் கிளம்பினோம். என் கியூவோடு, பெயர் எழுதிய அளவுக்கட்டையையும் அவர் எடுத்துக்கொண்டார். அளவு தப்பில்லை, ஷாஃப்ட்தான் தப்பு என்று எனக்குக் காட்டவேண்டுமாம். ரப்பர் தோட்டமும் செம்பனையும் மாறி மாறி வந்தன. அரை மணி நேரப் பயணத்தில் மூவரும் பேசியது இவ்வளவுதான்: செலண்டாரில் ரொட்டி சானாய் நன்றாக இருக்கும் என்று ரீட்டா சொன்னார், சரி என்று நான் சொன்னேன்.

கடையில் ஆறேழு பேர் சாயங்காலத் தேத்தண்ணிக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு ரிங்கிட். சேவியர் வெள்ளைப் பந்தை ஒரு கோடியிலும் கறுப்புப் பந்தை நடுவிலும் வைத்தார். நேர்க்கோடு, நீளம், ஒளிவதற்கு இடமில்லாத அடி. ஒவ்வொரு கட்டையாலும் பத்து அடி. முதலில் புதுக் கியூ. வளைவை மேலே வைத்துப் பிடித்தேன். ஆறு விழுந்தன, நான்கு விழவில்லை. அந்த நான்கும் ஏன் விழவில்லை என்று எனக்குப் புரியவில்லை. என் கையிலா, மரத்திலா? ஒவ்வொரு அடிக்கு முன்னும் அந்தக் கேள்வி வந்து குறுக்கே நின்றது.

பிறகு அளவுக்கட்டை. கறுப்பு டேப் பிசுபிசுத்தது, முனை எவர் எவரோ அடித்து மழுங்கியது. குனிந்தேன். கை தானாக அதன் இடத்துக்குப் போய்விட்டது. ஒன்பது விழுந்தன. விழாத ஒன்று ஏன் விழவில்லை என்று எனக்குத் தெரியும், தலையைத் தூக்கிவிட்டேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், அந்தப் புதுசைப் போட்டுவிட்டு இதிலேயே ஆடச் சொல்லுங்கள் என்றார். அவர் கேலிக்குச் சொன்னார். எனக்கு அது கேலியாகப் படவில்லை.

நான் கட்டையைக் கீழே வைக்காமல் சேவியரைப் பார்த்துக் கேட்டேன். "இது வளைஞ்சிருக்கா தம்பி?"

அவர் மேசைமேல் உருட்டிக் காட்டினார். ஆடாமல் ஓடியது. "இருபது வருஷமா எவனெவன் கையிலயோ அடி வாங்கிருக்கு. இதுக்கு மேல இது எங்க வளையப்போவுது?"

"அப்ப நான் இதோட போறேன்."

அவர் அதிர்ந்துபோனார். வளைந்த கியூவைக் கேட்டபோதுகூட அவர் முகம் இப்படிப் போகவில்லை. பதினாறு வருடமாகக் கியூ செய்கிறார். தேர்வில், ஆட்டக்காரர்கள் மத்தியில், பெம்பான் சேவியரிடம் வாங்கியது என்று இந்தப் பந்தல் காலைக் காட்டினால் ஊரே சிரிக்கும் என்றார். உங்கள் பெயரைச் சொல்லமாட்டேன் என்றேன். பெயர் சொல்லாவிட்டாலும் தனக்குத் தெரியுமே என்றார். டேப்பையாவது உரித்துவிட்டுத் தோல் சுற்றித் தருகிறேன், இரண்டு நாள் கொடுங்கள் என்றார். ஒன்றையும் தொடாதீர்கள் என்றேன். மறுபடியும் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

ரீட்டா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கணவரிடம் சொன்னார். "கியூ ஒங்களோடதுதான், பொட்டு வச்சிக் குடுங்க, வைக்காம இருங்க. ஆனா அந்த அளவு ஒங்களோடது இல்லலா. அது அவங்க கை."

சேவியர் பாக்கெட்டிலிருந்து சின்ன உப்புத்தாளை எடுத்து மழுங்கிய முனையை மட்டும் தேய்த்து உருட்டிச் சரிசெய்து என்னிடம் நீட்டினார். புதுக் கியூவின் ஷாஃப்ட்டைக் கழற்றி வீட்டில் தனியாக வைத்துவிடுவார், வேறு உருளையில் முதல் சீவலிலிருந்து ஆரம்பிப்பார். இருபத்துநான்கு வாரம். போன் பண்ணக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

வியாழக்கிழமை, காலை 10.00. மலாக்கா சென்ட்ரல் அருகே தொண்ணூறு ரிங்கிட் விடுதியில் தங்கி, ஈப்போ பேருந்துக்கு வந்தேன். ஒற்றைத்துண்டுக் கட்டை என் பைக்குள் நுழையாது. பை காலியாகவே தோளில் தொங்க, ரீட்டா கொடுத்த பழைய கைலியில் சுற்றிய கட்டை கையில் இருந்தது. சாமான் அறையில் போடச் சொன்னார் ஓட்டுநர். வெயிலில் அந்த அறை கொதிக்கும், மாட்டேன் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு ஏறச் சொன்னார். பக்கத்து இருக்கையில் இருந்த மலாய் அம்மா ஒருவர், துணி காயப்போடும் கம்பா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஈப்போ வரை ஐந்தரை மணி நேரம் கட்டையை முழங்கால்களுக்கு நடுவே நிமிர்த்திப் பிடித்தபடி வந்தேன். தோள் வலித்தது. ஆனாலும் சாய்க்கவில்லை.

சனிக்கிழமை தேர்வில் ஒன்பது பேர். மற்றவர்கள் பளபளக்கும் பைகளைத் திறந்து கியூவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது நான் கைலியை அவிழ்த்தேன். யாரோ சிரித்தார்கள், செயலாளர் அன்பாக ஒரு கியூ இரவல் தரட்டுமா என்றார். வேண்டாம் ஐயா, இது என் அளவு என்றேன். இரண்டு ஆட்டம் தோற்றேன், ஆறு ஜெயித்தேன். கடைசி ஆட்டத்தின் கடைசிப் பந்து நீளமான நேர் அடி. இந்த முறை தலையைத் தூக்கவில்லை. மூன்று பேரை எடுத்தார்கள், மூன்றாவது ஆள் நான்.

அதன்பின் அணியோடு இரண்டு ஊருக்குப் போய் அந்தக் கட்டையோடுதான் ஆடினேன். ஈப்போவில் என் வீட்டு வரவேற்பறையில் விசிறிக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி அடித்து, நூலில் தொங்கவிட்டிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்கிறார்கள். பெம்பானில் அது பந்தல் கால், இங்கே அது கியூ. பொறுமை எனக்கு இன்னும் வரவில்லை. சிக்னலில் பச்சை விழுவதற்குள் ஹார்ன் அடிக்கிறவள்தான். ஆனால் ஆறு மாதத்தில் ஒருமுறைகூட நான் பெம்பானுக்குப் போன் பண்ணவில்லை.

போன வாரம் சேவியரே படம் அனுப்பினார். புது ஷாஃப்ட் நூலில் தொங்குகிறது. எட்டு சீவலும் முடிந்தது, உருட்டிப் பார்த்தேன், வெளிச்சம் தெரியவில்லை, பொட்டு வைக்கட்டுமா, எப்போது வருகிறீர்கள் என்று எழுதியிருந்தார். கடைசி மூன்று வாரம் முடிந்துவிட்டதா என்று கேட்டேன். இன்னும் நான்கு நாள் இருக்கிறது, ஆனால் நீங்கள் அவசரப்படுவீர்களே என்றுதான் கேட்டேன் என்று பதில் வந்தது.

தொங்கட்டும் என்று எழுதினேன்.